லயக் காட்சியகத்தில் வழிகாட்டுவோர்

பழைய மனைகளை அருங்காட்சியகமாக்கிப் போற்றுதல் பல நாடுகளிலும் உள்ள வழக்கமாகும். அவற்றுட் பெரும்பாலன அரசரும் செல்வரும் வாழ்ந்தவை. தொழிலாளர் குடியிருந்த வீடு அச்சிறப்பைப் பெறுதல் அரிது. கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீக்கொக் தோட்டத்துப் பழைய லயமொன்று அதனைப் பெற்றுள்ளது. சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை நிறுவியது. இத்தகைய இடத்தில் ஊதியங் கருதாது வழிகாட்ட முன்வருவோர்க்கு வேண்டிய பண்புகள் யாவை?

முதலாவது, தெளிந்த அறிவு. கடன் தீர்க்கப்படின் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டத்தார் எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியாவினின்று வந்தோர், தாம் சேரவேண்டிய தோட்டத்தின் எண் பொறித்து அணிந்துவந்த தகர வில்லையோ வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கூறின், கடனின் வரலாறும் பயணத்தின் வரலாறும் ஒருங்கே மறைந்துபோம்.

இரண்டாவது, வாய்மை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியா ஏற்கவும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. இஃது ஆவணம் உரைப்பது. அண்ணன் கப்பலேறத் தங்கை லயத்திலேயே தங்கிய துயரம் முதியோர் உரைப்பது. இரண்டும் வேண்டற்பாலன, எனினும், எது ஆவணம், எது செவிவழிச் செய்தி என்பதைக் கேட்போர் அறியுமாறு கூறுதல் கடமையாகும்.

மூன்றாவது, அடக்கம். காண்போரின் வாழ்வனுபவத்தோடு இயையாத விளக்கம் பயன்தராது என அமெரிக்கரான பிரீமன் தில்டன் 1957இல் எழுதினார். ஒரே காம்பராவின் முன் நிற்போருட் சிலர்க்கு அது புதுமை. சிலர்க்கோ பிறந்த வீடு. முன்னவர் இரக்கம் கொண்டு போவதோடு அமையாது, காரணமும் அறிந்து செல்லவேண்டும். பின்னவர் தம் வறுமை காட்சிப்பொருளாயிற்றே என்று நாணுதல் கூடாது. கொழுந்துக் கூடையைக் காட்டுங்கால் அதைச் சுமந்தவரின் துன்பத்தோடு அவர்தம் கைத்திறனையும் எடுத்துரைப்பதே முறை. முதிய தொழிலாளி ஒருவர் பேசத் தொடங்கின், வழிகாட்டுவோர் தம் உரையை நிறுத்திச் செவிகொடுத்தல் வேண்டும்.

அக்கரப்பத்தனை போன்ற ஊர்களின் தோட்டங்களில் இன்றும் லயவாழ்வு தொடர்கின்றது. ஆதலின் இஸ்தோப்பும் கவ்வாத்துக் கத்தியும் அங்குள்ள மாணவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவன அல்ல. ஆயினும், வாழ்ந்தறிந்தது மட்டும் வரலாறு ஆகாது. அதனோடு நூலறிவும் சேர்தல் வேண்டும். இரண்டும் வாய்க்கப்பெற்ற இளைஞரே தம் முன்னோரின் மனையைப் பிறர்க்குக் காட்டத் தக்கவராவர்.