நிற்கும் எடையும் வளரும் வேகமும்

ஓரிடத்துத் தாவரங்களை வேரோடும் இலையோடும் உலர்த்தி நிறுத்தால் கிடைக்கும் எடை உயிரித்திரள். அவை ஓராண்டில் ஒளிச்சேர்க்கையால் ஆக்கியதிலிருந்து தம் சுவாசத்துக்குச் செலவிட்டதைக் கழித்தால் எஞ்சுவது நிகர முதல்நிலை உற்பத்தி. முன்னது குதிரில் கிடக்கும் நெல், பின்னது அவ்வாண்டின் விளைச்சல். எடை மிகுந்த இடத்தில் உற்பத்தியும் மிகும் என்ற எண்ணம் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட சுமார் 30 கிலோமீட்டருக்குள்ளேயே பொய்த்துவிடுகிறது.

இக்கரைக்கு இயல்பான உலர் பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகவும் சிறு துண்டுகளாகவுமே எஞ்சியிருக்கிறது. வீரை, காயா, உலக்கைப்பாலை முதலிய அதன் மரங்கள் குட்டையானவை, ஆனால் வைரம் பாய்ந்தவை. வடகிழக்குப் பருவமழையை நம்பி மெதுவாக வளர்ந்து, சேர்த்த கரிமத்தை நெடுங்காலம் தாங்கி நிற்பவை. மரத்தை வெட்டாமலே எடை காண, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து, கட்டையின் அடர்த்தியையும் சேர்த்துச் சமன்பாட்டில் இடுகிறார்கள். அடியிலேயே பல தண்டுகளாகப் பிரியும் காயாவில் ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே அளக்க வேண்டியிருப்பதால், நாடா பிடிப்பவரின் பொறுமைக்கு அது நல்ல சோதனை.

கடலோர மணலில் நிற்கும் சவுக்கின் கதை வேறு. வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிரி காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருவதால், சத்தில்லாத மணலிலும் அது விரைந்து உயர்ந்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வருகிறது. ஆண்டு உற்பத்தியில் காட்டை அது விஞ்சலாம். வெட்டிய மறுநாளோ அங்கே தூரும் வேருமே மிச்சம்.



எல்லாவற்றையும் விட வியப்பு தருவது கடல். கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்களின் உற்பத்தியை அளக்க, ஒரே நீரைத் தெளிந்த புட்டி ஒன்றிலும் ஒளிபுகாத புட்டி ஒன்றிலும் அடைத்துக் கடலுக்குள் தொங்கவிட்டு, சில மணி நேரம் கழித்து ஆக்சிஜன் வேறுபாட்டைக் கணக்கிடுவது பழைய முறை. உலகத் தாவரங்களில் அடங்கிய கரிமம் சுமார் 45,000 கோடி டன் என்கிறது 2018இல் வெளியான மதிப்பீடு. கடலின் ஒளிச்சேர்க்கை உயிரிகளுக்கு அதே மதிப்பீட்டில் 100 கோடி டன் அளவே உண்டு. ஆயினும் 1998இல் வெளியான கணக்கின்படி உலகின் ஆண்டு நிகர உற்பத்தியில் ஏறத்தாழ பாதி கடலுடையது. மிதவைத் தாவரங்கள் சில நாட்களிலேயே பெருகி, பெருகிய வேகத்திலேயே இரையாகிவிடுவதால் அங்கே எடை சேர்வதில்லை.

கரிமத்தைச் சேமிப்பது நிற்கும் எடைதான், வளரும் வேகம் அன்று. ஆகையால் அடுப்புக்கும் சாரத்துக்கும் போகவிருக்கும் சவுக்குத் தோப்பை, அழிந்த காட்டுக்கு ஈடாக ஏக்கருக்கு ஏக்கர் காட்டுவது தவறான கணக்கு.