படகு வரும்வரை: கரையோரத்தில் மீன்பிடி

2006 இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்தபோது பலர் படகையும் வலையையும் இழந்தனர். படகு இல்லாவிட்டாலும் தொழிலைத் தொடங்கலாம். மாசி, பங்குனியில் வாடைக்காற்று தணிந்ததும், கொட்டியாரக் குடாவின் ஆழங்குறைந்த கரையோரத்தில் வீச்சுவலையால் மணலை, இறால் பிடிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை:

• ஊரார் வழமையாகப் பயன்படுத்தும் பாதையால் மட்டும் கரைக்குச் செல்லுங்கள். வெடிபொருள் போன்ற எதையும் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பிப் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

• திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் விலகிவிடும். குத்தினால், தாங்கக்கூடிய சுடுநீரில் காலை வைத்து, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

• தங்கூசி வலை, டைனமைட் சட்டப்படி தடை.

• சினை நண்டைக் கடலில் விடுங்கள். அடுத்த பருவத்தில் உங்கள் வலைக்கு நண்டு வேண்டும்.

படகு கிடைத்ததும் பதிவு செய்யக் கடற்றொழில் பரிசோதகரைச் சந்தியுங்கள்.