இடப்பக்கம் திரும்ப, ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பணும்... தெரியுமா?

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற சாலையில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். க்ரூஸரைப் பிரித்துக் கஃபே ரேசராக்கிய பைக் ஒன்றாவது கண்ணில் படும். உயரமான ஹேண்டில்பார் போய்த் தாழ்வான கிளிப்-ஆன் வந்திருக்கும். அகல சீட் போய் ஒற்றை சீட்டும் பின்னால் ஒரு திமிலும் முளைத்திருக்கும். பார்க்க அள்ளும்! ஆனால் வளைவு வந்ததும் வண்டி அடம் பிடிக்கும். சாய்க்கப் போனால் சாயாது, சாய்ந்தபின் கோட்டில் நிற்காது, மேம்பாலம் இறங்கும்போது முன்சக்கரம் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். “இன்ஜின் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் வண்டி திரும்ப மாட்டேங்குது?” இந்தக் கேள்விக்கான விடையில் ரைட் சகோதரர்கள் இருக்கிறார்கள், ஆவடி பீரங்கி வண்டி இருக்கிறது, அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரமும் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

முதலில் கண்முன் இருக்கும் சாட்சி. நம் சென்னையின் ராயல் என்ஃபீல்டு ஒரே இன்ஜினைக் கஃபே ரேசரிலும் க்ரூஸரிலும் வைத்து விற்கிறது, தெரியுமா? 2018-இல் வந்த கான்டினென்டல் ஜி.டி. 650 கஃபே ரேசர். 2022-இல் அறிமுகமான சூப்பர் மீட்டியார் 650 க்ரூஸர். இரண்டிலும் அதே 648 சி.சி. இரட்டை சிலிண்டர்தான். அப்படியானால் வித்தியாசம் எங்கே? முன் ஃபோர்க் பின்னுக்குச் சாய்ந்திருக்கும் கோணத்தை ரேக் என்பார்கள். அது ஜி.டி.யில் 24 டிகிரி, சூப்பர் மீட்டியாரில் 27.6 டிகிரி. இரு சக்கரங்களுக்கும் இடையிலான வீல்பேஸ் முன்னதில் 1,398 மி.மீ., பின்னதில் 1,500 மி.மீ. மூன்றரை டிகிரி, பத்து சென்டிமீட்டர், அவ்வளவுதான்! அதற்குள்ளேயே ஒன்று வளைவைத் தேடிப் போகிற வண்டியாகவும், இன்னொன்று நேர்க்கோட்டில் நாள் முழுக்க ஓடுகிற வண்டியாகவும் ஆகிவிடுகின்றன.

ஸ்டியரிங் தண்டின் நடுக்கோட்டை அப்படியே தரைவரை நீட்டிப் பாருங்கள். அது டயர் தரையைத் தொடுகிற இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்குப் பெயர் டிரெயில். ஜி.டி.யில் 105.6 மி.மீ., சூப்பர் மீட்டியாரில் 118.5 மி.மீ. டிரெயில் கூடினால் சக்கரம் தானாக நேராக நிற்கப் பார்க்கும். நெடுஞ்சாலையில் அது வரம். அம்பத்தூர் எஸ்டேட்டின் நெருக்கடியான திருப்பங்களில் தோள்பட்டைக்கு வேலை!

இப்போது ஆச்சரியமான கணக்கு. சுமார் 1,450 மி.மீ. வீல்பேஸ் உள்ள பைக்கில் முன்பக்கத்தை வெறும் 25 மி.மீ. இறக்கினால் ரேக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி குறைந்துவிடும். டிரெயிலும் ஐந்தாறு மி.மீ. குறையும். இதற்கு வெல்டிங் வேண்டாம், புது சேஸி வேண்டாம். ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாய்களைக் கொஞ்சம் மேலே ஏற்றி, மறுபடி முடுக்கினால் போதும். பின்பக்க ஷாக் அப்சார்பரை நீளமாகப் போட்டாலும் அதே பலன்தான். ஒரு தடவைக்கு 5 மி.மீ. ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் அச்சாக ஒரே அளவு. பிறகு ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த 5 மி.மீ. ஆசைப்பட்டு ஒரேயடியாக இறக்கினால், ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது மட்கார்டு கீழ் கிளாம்ப்பில் இடிக்கும். வேகத்தில் ஹேண்டில்பார் உதறவும் ஆரம்பிக்கும். அந்த உதறலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆளையே கீழே தள்ளிவிடும்.

பஜாஜ் அவெஞ்சர் 220 வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷச் செய்தி. அதன் பின்டயர் 130/90-15. குண்டான அந்தப் பதினைந்து அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பதினேழு அங்குல ரிம்மில் 130/70-17 டயர் போட்டால் வெளிவிட்டம் எவ்வளவு கூடும்? கூடவே கூடாது! 15 அங்குலம் 381 மி.மீ., டயரின் இரு பக்கச் சுவரும் சேர்த்து 234 மி.மீ., ஆக 615. பதினேழு அங்குலத்தில் 432-உம் 182-உம் சேர்ந்து 614. கண்ணுக்குப் பெரிய சக்கரம், தரைக்கு அதே சக்கரம். கியர் இழுவையும் மாறாது, பின்பக்க உயரமும் மாறாது. அப்புறம் ஏன் அந்தச் செலவு? பதினேழு அங்குலத்தில்தான் வளைவுக்கென்று வார்த்த நல்ல டயர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பதினைந்தில் தேடித் தேடிக் களைத்துப்போவீர்கள்.

இந்த மேற்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. 1955-இல் ஆவடியில் தொடங்கிய டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, இரும்புக் குழாயை அச்சில் குளிர்நிலையிலேயே இழுத்து மெருகேற்றி, இரு சக்கர வாகனங்களின் முன் ஃபோர்க்குக்கான துல்லியக் குழாய்களைச் செய்கிறது! பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. அம்பத்தூரில் ஒரு காலத்தில் டன்லப் டயர் ஆலை. குழாய், சக்கரம், பிரேக், டயர் எல்லாமே ஒரே எம்.டி.எச். ரோட்டை ஒட்டிய ஊர்களில் உருவான காலம் இருந்தது.

அந்த ஃபோர்க் குழாயில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு ரூபாய் கேபிள் டை ஒன்றைப் பளபளக்கும் குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டி, ரப்பர் சீல் வரை கீழே தள்ளிவிடுங்கள். நண்பரை வண்டியைப் பிடிக்கச் சொல்லி, வழக்கமாக ஓட்டும் நிலையில் மெதுவாக உட்காருங்கள், பிரேக் தொடாமல். அதே மெதுவோடு இறங்குங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஃபோர்க் முழுக்க நீண்டதும், சீலுக்கும் டைக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். உங்கள் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று அந்த டை காட்டிக்கொடுத்துவிடும். மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரி. பாதி வரை போயிருந்தால் ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது, அல்லது அது க்ரூஸரில் பின்னுக்கு உட்கார்ந்த ஆளுக்காகப் போட்ட மெத்தென்ற ஸ்பிரிங். கிளிப்-ஆன் போட்டதும் உங்கள் உடம்பு முன்னுக்கு வந்துவிட்டதே, ஸ்பிரிங்குக்கு அது தெரியுமா? ஃபோர்க் ஆயில் எப்போது மாற்றினோம் என்று யோசித்துப் பாருங்கள். பலரும் மாற்றியதே இல்லை. வடிக்கும்போது கருத்த சாம்பல் நிறத்தில் மீன் நாற்றத்தோடு வரும். புது ஆயிலை, ஒரு படி கெட்டியானதாக, இரு காலிலும் ஒரே அளவு ஊற்றினாலே பிரேக் பிடிக்கும்போது மூக்கு குத்துவது குறைந்துவிடும்.

ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் கோன் செட்டை மறந்துவிட்டு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களை நினைத்தால் எனக்கு நிஜமாகவே வருத்தம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு ஹேண்டில்பாரை ஒரு விரலால் இடமும் வலமும் தள்ளுங்கள். நடுவில் வந்ததும் ‘டக்’கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்கிறதா? பேரிங் குண்டுகள் வருடக்கணக்காக ஒரே இடத்தில் இடிபட்டுத் தடத்தில் குழி பறித்துவிட்டன என்று அர்த்தம். அந்தக் குழிதான் வளைவில் உங்களை நேராகப் போகச் சொல்லி அடம் பிடிக்கிறது! டேப்பர் ரோலர் பேரிங் போட்டால் வண்டியே வேறு மாதிரி பேசும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து கால். க்ரூஸரில் கால் வைக்கும் இடம் முன்னால் இருக்கும். கையை மட்டும் கீழே முன்னால் கொண்டுபோனால் உடம்பு நடுவில் மடிந்து, முழு எடையும் மணிக்கட்டில் ஏறிவிடும். முழங்காலால் டேங்க்கைக் கவ்வவும் முடியாது. விறைத்த கை வண்டிக்குத் தப்பான கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்கு நகர்த்தும் ரியர்செட் இல்லாத கஃபே ரேசர் பாதி வேலைதான் என்பது என் தீர்மானமான கருத்து. கிளிப்-ஆனுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதற்குச் செலவழியுங்கள்.

பெல்ஃபாஸ்ட் எங்கே வருகிறது? இதோ! லண்டனின் ஏஸ் கஃபே வாசலில் கஃபே ரேசர் பசங்கள் மணிக்கு 100 மைலைத் தொடத் துடித்த காலத்தில், அவர்கள் கனவு கண்ட சேஸி நார்ட்டனின் ஃபெதர்பெட். 1950-இல் பந்தயத்துக்கு வந்த அதை வடிவமைத்தவர்கள் பெல்ஃபாஸ்ட்டின் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள். காற்றடைத்த டயரை 1888-இல் உலகுக்குக் கொடுத்த ஜான் பாய்ட் டன்லப்பும் அதே பெல்ஃபாஸ்ட்டில் வாழ்ந்த கால்நடை மருத்துவர்! அவர் பெயர் தாங்கிய டயர்தான் அம்பத்தூரிலும் வார்க்கப்பட்டது.

ஆவடி பீரங்கி வண்டிக்கு வருவோம். அங்குள்ள ராணுவ வாகன ஆய்வு நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்கு ஸ்பிரிங்காக வேலை செய்வது இரும்பு இல்லை, அடைத்து வைத்த வாயு, தெரியுமா? ஹைட்ரோ-கேஸ் சஸ்பென்ஷன் என்று பெயர். ஐம்பது டன்னுக்கு மேற்பட்ட எடையை அழுத்தப்பட்ட நைட்ரஜன் தாங்குகிறது! நாம் கடையில் கேட்டு வாங்கும் கேஸ் ஷாக் அப்சார்பரிலும் நைட்ரஜன்தான். ஆனால் இங்கே எடையைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங். உள்ளே ஆயில் நுரைத்துப் பலமிழக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வாயுவின் வேலை. குண்டும் குழியுமான சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு சாதா ஷாக் துள்ளும், கேஸ் ஷாக் நிதானமாக இருக்கும் என்றால் காரணம் இதுவே.

எல்லாவற்றுக்கும் மேலான அதிசயம் இனிமேல்தான். டி.ஐ. சைக்கிள்ஸால் சைக்கிள் ஊரான அதே அம்பத்தூரில், 1960-களிலிருந்து டி.ஐ. டைமண்ட் செயின் தயாரிக்கிறார்கள். தொழில்நுட்பம் கொடுத்தது அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து டைமண்ட் செயின் கம்பெனி. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட முதல் விமானத்தின் உந்து விசிறிகளைச் சுழற்றிய செயின் அந்தக் கம்பெனியின் முன்னோடி செய்தது!

அந்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். அவர்களில் மூத்த வில்பர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இடப்பக்கம் திரும்ப நினைக்கிற சைக்கிள்காரர் முதலில் ஒரு கணம் ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்புகிறார், அப்படிச் செய்வது அவருக்கே தெரிவதில்லை! சக்கரம் வலப்பக்கம் நழுவ, உடம்பும் வண்டியும் இடப்பக்கம் சாய, அந்தச் சாய்வில்தான் திருப்பம் பிறக்கிறது. பைக்கிலும் இதேதான். இடது கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள், வண்டி இடப்பக்கம் சாயும். கிளிப்-ஆன் கம்பி குட்டை என்பதால் நெம்புவிசை குறைவு, அதே சாய்வுக்கு அதிகமாகத் தள்ள வேண்டும். கஃபே ரேசராக்கிய பிறகு வண்டி கனத்ததுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். ஆகவே சேஸியை அறுப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். ஃபோர்க் ஆயில், பேரிங், கம்பெனி சொன்ன அளவில் நல்ல டயர், சரியான காற்று ஆகியவை பராமரிப்புதான், சட்டத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

அறுத்தே தீருவேன் என்பவர்களுக்குப் பூந்தமல்லி தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் 3.717 கி.மீ. நீளம், 12 வளைவுகள். கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இங்கே வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. அதை நிறுவிய கீத் கோட் ஒரு விசித்திர பைக் செய்துவைத்திருக்கிறார். அதில் வழக்கமான ஹேண்டில்பாரோடு, சேஸியிலேயே அசையாமல் பொருத்திய இன்னொரு ஜோடிக் கைப்பிடியும் உண்டு. அசையாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உடம்பை எவ்வளவு வளைத்தாலும் வண்டி லேசாக விலகுமே தவிர, ஒரு வளைவுக்குள் அதைத் திருப்ப முடியாது. கையை அசையும் ஹேண்டில்பாருக்கு மாற்றி இடது பிடியை ஒரு தள்ளு தள்ளியதும், அதே பைக் இடப்பக்கம் சரேலென்று சாய்ந்து திரும்பிவிடும்!