துவிச்சக்கர வண்டியில் யந்திரம் பூட்டினால்

கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் பிரயாணம் செய்கின்றவர் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தே செல்லவேண்டும். மாரிமழை கனத்து, வயல்வெளிகளின் நீரெல்லாம் திரண்டு தாம்போதிக்கு மேலாகப் பாயத் தொடங்கிவிட்டால், பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் அக்கரையிலேயே நின்றுவிட, துவிச்சக்கர வண்டிக்காரன் மாத்திரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நீரின் வேகத்தை ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டு, வண்டியைத் தோளில் சாய்த்து நடந்துவிடத் துணிகிறான். துணியக்கூடாது என்பது வேறு விஷயம். அன்னமலை, சவளக்கடை, சாளம்பைக்கேணி, மத்திய முகாம் என்று வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் இப்பிரதேசத்தில், வாடிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள தூரம் கால்நடையாகத் தீர்க்கக்கூடியதன்று. மோட்டார் சைக்கிள் வாங்கவோ எல்லோரிடமும் கைப்பொருள் இல்லை. ஆகவே, இருக்கின்ற சைக்கிளிலேயே சிறு யந்திரமொன்றைப் பூட்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் இளைஞர் மனத்தில் உதிப்பது இயல்பேயாம்.

அப்படி உதித்த எண்ணமொன்றைச் சைக்கிள் திருத்தும் கடையொன்றில் நேரிலே காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பழைய லுமாலா சைக்கிள். அதன் சட்டத்தின் நடுவே, புல்லு வெட்டும் மெஷினிலிருந்து கழற்றிய யந்திரம் இரண்டு இரும்புப் பட்டிகளால் இறுக்கப்பட்டிருந்தது. தண்ணீர்ப் போத்தலொன்று பெற்றோல் தாங்கியாகக் கைப்பிடியில் தொங்கியது. “காக்கா, இதுக்கு நம்பர் எடுக்கலாமா?” என்று கேட்டான் உரியவன். கடைக்காரர் கையிலிருந்த கிறீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே, “நம்பர் எடுக்கப் போனா, முதல்ல இது என்ன சாமான் எண்டு செல்லணுமே தம்பி” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதைத்தான் சட்டம் வினையாகச் சொல்லுகிறது. இலங்கையின் மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம்; பலமுறை திருத்தப்பட்டும் அதன் அஸ்திவாரம் மாறவில்லை. வீதியில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டதாயினும், அதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டதாயினும், யந்திரசக்தியால் இயங்குவது மோட்டார் வாகனம் என்பதே அச்சட்டம் காணும் இலட்சணம். மாற்றியமைக்கப்பட்டதாயினும் என்ற அந்த ஒரு சொல்லில் நம்முடைய லுமாலா அகப்பட்டுக்கொள்கிறது. யந்திரம் சிறியது, மிதிகட்டை இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் மிதித்தும் ஓட்டலாம் என்ற சமாதானங்கள் சவளக்கடைப் பொலிஸாரிடமோ கல்முனை நீதவானிடமோ செல்லுபடியாவதற்குச் சட்டத்தில் இடமில்லை. பதிவு, இலக்கத்தகடு, ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய வருமான அனுமதிப்பத்திரம், மூன்றாந்தரப்புக் காப்புறுதி, தலைக்கவசம், சாரதி அனுமதிப்பத்திரம் ஆகிய யாவும் பெரிய மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு இதற்கும் அவசியம். நூறு சீ.சீ.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்களுக்கென ஏ1 என்ற தனி வகுப்பு உண்டு. அதற்குக் கீழே இன்னொரு படி கிடையாது.

அப்படியானால் பதிவு செய்துகொண்டால் போயிற்று என்று தோன்றலாம். பதிவுக்கு இறக்குமதிச் சுங்கப் பத்திரம் வேண்டும். தொழிற்சாலையில் பொறித்த அடிச்சட்ட இலக்கமும் யந்திர இலக்கமும் அப்பத்திரத்தோடு ஒத்திருக்க வேண்டும். நாம் பூட்டிய வண்டியிலோ, சைக்கிள் சைக்கிளாகவே கடைக்கு வந்தது. யந்திரம் புல்வெட்டியாகவே துறைமுகத்தில் இறங்கியது. இரண்டும் கூடிப் பெற்ற பிள்ளைக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எழுத நாரஹேன்பிட்டவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒரு மேசை இல்லை.

இந்த நியாயத்தின் கடுமையை மக்கள் 2022இல் நன்றாக உணர்ந்தார்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று, சில நாட்கள் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஒருவருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவிக்கப்பட்டது, ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று வரையறுத்தார்கள். ஒரு லீற்றரில் ஐம்பது கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடக்கூடிய சிறு யந்திரத்துக்கு அந்த 4 லீற்றர் ராஜபோகம். ஆனால் அந்தக் கோட்டா வாகன இலக்கத்துக்கும் அடிச்சட்ட இலக்கத்துக்குமே கொடுக்கப்பட்டது. இலக்கமில்லாத வண்டி வரிசையில் நிற்கவே முடியாது. தேவை எப்போது மிகுந்ததோ, அப்போதுதான் அது எதற்கும் உதவாத பொருளாயிற்று.

விசித்திரம் என்னவென்றால், இப்பக்கத்துக் குடும்பங்களில் நீண்டகாலம் பேர்பெற்ற ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளுக்கும் இந்த ஒட்டுவண்டிக்கும் பூட்டன் ஒருவனே. இரண்டாம் உலகயுத்தம் முடிந்து, எரிபொருளும் போக்குவரத்தும் அருகிப்போன ஜப்பானில், 1946இல் ஹமமற்சு நகரத்தில் சொயிசிரோ ஹொண்டா என்பவர், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு யந்திரங்கள் மிச்சமாகிக் கிடக்கக் கண்டு, அவற்றைச் சைக்கிளில் பூட்டி விற்கத் தொடங்கினார். படுக்கையில் சூடேற்ற வைக்கும் வெந்நீர்க் குடுவையே முதலாவது வண்டியின் எரிபொருள் தாங்கி. கடையில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலைக் கண்டபோது எனக்கு அந்தக் குடுவைதான் நினைவுக்கு வந்தது. கையிருப்பிலிருந்த யந்திரங்கள் தீர்ந்தபின் சொந்தமாக ஒன்றை வார்த்தார். 1948இல் ஹொண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. பிரான்ஸில் அதே 1946இல் விற்பனைக்கு வந்த வெலோசொலெக்ஸ், முன்சில்லின் டயர்மீது உருளையொன்றை அழுத்திச் சுழற்றும் உபாயத்தால் ஓடிற்று. மழை நாளில் உருளை வழுக்கும் என்பது அதன் குறை. கிட்டங்கிக்கு அது சரிப்படாது.

யந்திரத்தைப் பூட்டுவது எளிது. அதன்பின் சைக்கிளின் உறுப்புகள் படும் பாடுதான் கவனிக்கத்தக்கது. ஆரோக்கியமான மனிதன் ஆறுதலாக மிதிக்கையில் எழுபத்தைந்து முதல் நூறு வாற்று சக்தியையே தருகிறான். ஒரு குதிரைவலு 746 வாற்று. இச்சிறு யந்திரங்கள் ஒன்று, ஒன்றரைக் குதிரைவலுவுக்குக் குறைவதில்லை. பத்துப்பேர் ஏறி மிதித்தாற்போன்ற அந்த விசை, சங்கிலிவழியே பின்சில்லுக்குப் போகிறது. தொகுதியாக விற்கப்படும் சாமான்களில் பற்சக்கரத்தை இறப்பர்த் துண்டுகளுக்கிடையே வைத்து நேராகக் கம்பிகளோடேயே இறுக்குவார்கள். ஆனால் சைக்கிள் கம்பி, ஆளின் பாரத்தை இழுவையால் தாங்குவதற்கென்று அமைந்ததேயன்றி, ஒரு பக்கமாக முறுக்கப்படுவதற்கு அமைந்ததன்று. முதலில் ஒரு கம்பி தளரும், ரிம் இலேசாக நெளியும், சங்கிலி குதிக்கும், ஓட்டத்தில் சங்கிலி கம்பிகளுக்குள் சிக்கினால் பின்சில்லு அந்தக்கணமே நின்றுவிடும், மனிதன் நிற்கமாட்டான்.

அதைவிடப் பெரிய அபாயம் பிரேக். வேகம் மும்மடங்கானால் வண்டியை நிறுத்தப் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி ஒன்பது மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். மணிக்கு 15 கிலோமீற்றரில் ஓடுவதற்கென்று அமைந்த இரண்டு இறப்பர்க் கட்டைகள் 45இல் ஓடும் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டாலோ, கட்டை வழுக்கிக்கொண்டே போகும். கடலோரத்து உப்புக்காற்று பிரேக் வயரை உள்ளிருந்து அரிப்பதையும் இதனோடு கூட்டிக்கொள்ள வேண்டும். வெளியே உறை புதிதாகவே தெரியும். போத்தலில் தொங்கும் பெற்றோல் சூடான புகைக்குழாய்க்கு எத்தனை அங்குலம் தள்ளியிருக்கிறது என்று நான் அளந்து பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

பொலிஸாருக்குப் பயந்து சட்டத்தை மதிப்பவர் பலர். எனக்கோ அதிலே முக்கியமாகப் படுவது காப்புறுதி. பதிவில்லாத வண்டிக்குக் காப்புறுதி இல்லை; சந்தைக்குப் போகும் கிழவியொருத்தியின் கால் அந்த வண்டியில் அடிபட்டு முறிந்தால், நட்டஈடு ஓட்டியவனின் வீட்டுப் பானையிலிருந்துதான் வரவேண்டும், பானையில் இல்லாவிட்டால் வராது.

தமிழ்நாட்டு இளைஞர்கள் சைக்கிளை மோட்டாராக்கிக் காட்டும் படங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, அங்கே ஓடுவது இங்கே ஏன் ஓடாது என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்நாட்டுச் சட்டம் வேறு. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், நான்குக்குக் குறைந்த சில்லுகளும் 25 சீ.சீ.க்கு மேற்படாத யந்திரமும் உடைய ஊர்தியை மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. மின்கலத்தால் இயங்குவதாயின், 250 வாற்றுக்கும் மணிக்கு 25 கிலோமீற்றருக்கும் குறைவாக, மின்கலம் நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாதிருந்தால், பதிவிலிருந்து விலக்கு உண்டு. படங்களில் வரும் 49 சீ.சீ. யந்திரங்கள் அங்கேயும் அந்த எல்லையைத் தாண்டியவையே. இத்தகைய சிறுவரம்பொன்றை நம் நாட்டிலும் தெளிவாக வகுத்து, பிரேக்கையும் வேகத்தையும் பரிசோதித்து, குறைந்த கட்டணத்தில் தகடு கொடுத்தால் ஏழை விவசாயிக்குப் பெரும் உபகாரமாயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். சைக்கிளுக்கே ஒருகாலத்தில் உள்ளூராட்சிச் சபைகள் தகரத்தகடு கொடுத்த நாடுதானே இது.

அதுவரைக்கும் கிரமமான வழி, பதிவுள்ள பழைய சிறு மோட்டார் சைக்கிளொன்றைத் தேடுவதே. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தபடியால், இடைக்காலத்தில் பழையவற்றின் விலை ஏறிப்போயிற்று. எனினும் பதிவுப் புத்தகம் சரியாயுள்ள பழைய வண்டி, புத்தகமே இல்லாத புது வண்டியைவிட மலிவு. மின்சார வண்டி வாங்குகிறவரும் பணத்தை எண்ணுமுன் பதிவுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் “இதுக்கு ஒண்டும் தேவல்ல” என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லலாம்.

அடுத்த மாதம் அந்தக் கடைப்பக்கம் போனபோது லுமாலாவின் சட்டம் வெறுமையாயிருந்தது. பட்டிகள் இறுக்கிய இடத்தில் மாத்திரம் வர்ணம் உரிந்திருந்தது. யந்திரம் வீட்டு வளவில் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் இறைப்பதாக உரியவன் சொன்னான். அவனுடைய வாப்பாவின் கூட்டாளி ஒருவர் விற்கவிருந்த எம்.டி. 90 கடைவாசலில் நின்றது. கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பி, கழுத்தடியில் வெள்ளைக் கடுதாசியொன்றை ஒட்டவைத்து, பென்சிலைச் சாய்த்து உரசிக்கொண்டிருந்தான். புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி கடைக்காரர் இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசிக்க, கடுதாசியில் அவை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு வந்தன. ஐந்தாவது இலக்கத்தில் துரு மூடியிருந்தது. “மண்ணெண்ணெய் கொஞ்சம் கொண்டாங்க காக்கா” என்றான் அவன்.