கடன் தீரும்வரை காப்பும் தொடரட்டும்

இருசக்கர வாகனம் வாங்குவோர் கடனையும் காப்பீட்டையும் ஒன்றாகத் திட்டமிட வேண்டியது ஏன்?

ஆயுத பூஜையும் தீபாவளியும் நெருங்கும் வாரங்களில் இருசக்கர வாகன விற்பனையகங்களில் கூட்டம் அலைமோதும். வண்டியின் நிறம், எடை, எரிபொருள் சிக்கனம் ஆகியவற்றைப் பல நாள் விசாரித்து முடிவெடுக்கும் குடும்பங்கள், கடன் ஒப்பந்தத்திலும் காப்பீட்டுப் படிவத்திலும் கையெழுத்திடச் சில நிமிடங்களையே செலவிடுகின்றன. மாலையும் எலுமிச்சம்பழமும் காத்திருக்கையில் தாள்களைப் படிக்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆயினும் அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அக்குடும்பத்தின் மாதச் செலவு எவ்வளவு, வண்டிக்கு ஏதேனும் நேர்ந்தால் இழப்பு யாருடையது என்பவற்றை அத்தாள்களே தீர்மானிக்கின்றன.

எங்கள் கிளைகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "வண்டி வாங்கும்போதே ஐந்தாண்டுக்குக் காப்பீடு கட்டிவிட்டோமே, வண்டி திருட்டுப் போனால் கடன் அதில் கழிந்துவிடும் அல்லவா?" கழியாது என்பதே பெரும்பாலான நேரங்களில் நாங்கள் தர வேண்டியிருக்கும் விடை. அது ஏன் என்பதை விளக்குவதும், அந்நிலை வாராமல் காத்துக்கொள்ளும் வழியைக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டியின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு மோட்டார் சைக்கிளின் ஷோரூம் விலை ரூ.1,00,000. சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை சேர்ந்து அது சாலைக்கு வரும்போது ஆகும் விலை ரூ.1,20,000. வாங்குபவர் ரூ.20,000 முன்பணம் செலுத்தி, எஞ்சிய ஒரு லட்சத்தை 36 மாதக் கடனாகப் பெறுகிறார்.

ஓரிடத்தில் "10 விழுக்காடு வட்டி" என்கிறார்கள். அது தொடக்கக் கடன் தொகை முழுவதற்கும் மூன்று ஆண்டும் கணக்கிடப்படும் நிலையான வட்டி, அதாவது ஃபிளாட் வட்டி என்றால், மொத்த வட்டி ரூ.30,000, மாதத் தவணை ரூ.3,611. மாதந்தோறும் குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் அதே 10 விழுக்காடு கணக்கிடப்பட்டால், தவணை ரூ.3,227, மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.16,160. சொல்லப்படும் எண் ஒன்றே. செலுத்தும் தொகையிலோ பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு. முதலில் சொன்ன கடனைக் குறையும் நிலுவை முறையில் மாற்றிக் கணக்கிட்டால் அதன் வட்டி 18 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்.

இக்குழப்பத்தைத் தவிர்க்க ரிசர்வ் வங்கி ஒரு வழி செய்துள்ளது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்க்கு வழங்கப்படும் கடன்களுக்கு "முக்கிய விவர அறிக்கை" ஒன்றைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் அளித்தாக வேண்டும். வட்டியோடு பரிசீலனைக் கட்டணம் முதலியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதம் அதில் இடம்பெறும். இரண்டு கடன்களை ஒப்பிட விரும்புவோர் விளம்பரத்தில் உள்ள வட்டியை விடுத்து, இந்த விகிதத்தையே அருகருகே வைத்துப் பார்ப்பது நலம். கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டறிதல் வேண்டும். இருசக்கர வாகனக் கடன்கள் பல நிலையான வட்டி விகிதத்தில் வழங்கப்படுபவை; அவற்றில் இக்கட்டணம் இருக்கக்கூடும்.

தவணைக் காலத்தைத் தெரிவு செய்வதும் ஒரு முக்கிய முடிவு. குறையும் நிலுவை முறையில் 12 விழுக்காடு வட்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் பெற்றால், 24 மாதத்திற்குத் தவணை ரூ.4,707, மொத்த வட்டி ரூ.12,976. 36 மாதமெனில் தவணை ரூ.3,321, வட்டி ரூ.19,572. 48 மாதமெனில் தவணை ரூ.2,633, வட்டி ரூ.26,402. தவணை இலகுவாக ஆக, வட்டி கனக்கிறது. அதோடு, வண்டியின் மதிப்பு தேய்ந்துகொண்டே போகக் கடன் மட்டும் நெடுநாள் நிற்கிறது. இந்த இரண்டாவது சங்கடம் காப்பீட்டோடு தொடர்புடையது.

காப்புகள் மூன்று

வாகனக் காப்பீடு என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது உண்மையில் மூன்று வெவ்வேறு காப்புகளின் தொகுப்பு.

முதலாவது, மூன்றாம் தரப்புக் காப்பு. நமது வண்டியால் பிறருக்கு உயிரிழப்போ காயமோ பொருட்சேதமோ நேர்ந்தால் அவர்களுக்கு இழப்பீடு வழங்குவது இது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. இதுவின்றி வண்டி ஓட்டினால் முதல் முறை ரூ.2,000, மறுமுறை ரூ.4,000 அபராதம், மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் விளைவாக, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு இக்காப்பை ஐந்தாண்டுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றாயிற்று. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணைப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு ஐந்தாண்டுக் கட்டணம் ரூ.3,851, 150க்கு மேல் 350 சி.சி. வரை ரூ.7,365, வரி தனி.

இரண்டாவது, சொந்தச் சேதக் காப்பு. விபத்து, தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றால் நமது வண்டிக்கே நேரும் இழப்பை ஈடுசெய்வது இது. சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வண்டியின் மீது கடன் இருக்கும் காலம் முழுவதும் இக்காப்பைத் தொடர வேண்டும் என்பது வாகனக் கடன் ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை.

மூன்றாவது, உரிமையாளரான ஓட்டுநருக்குரிய தனிநபர் விபத்துக் காப்பு. இதன் தொகை ரூ.15 லட்சம். முன்பு இருசக்கர வாகனத்திற்கு ஒரு லட்சமாக மட்டுமே இருந்த இத்தொகை 2018இல் உயர்த்தப்பட்டது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். குடும்பத்தின் வருவாயை ஈட்டுபவரே வண்டியையும் ஓட்டுபவர் என்னும்போது, இக்காப்பின் அருமை சொல்லாமலே விளங்கும். ஆனால் ஓட்டுபவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருந்தாக வேண்டும். பின்னால் அமர்ந்து வருபவருக்கும் விபத்துக் காப்பு வேண்டுமெனில், கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டில் விழும் ஓட்டை

மேற்சொன்ன மூன்றில் ஐந்தாண்டுக்குச் சேர்த்து எடுக்கப்படுவது முதலாவது மட்டுமே. சொந்தச் சேதக் காப்பு பெரும்பாலும் ஓராண்டுக்கே வழங்கப்படுகிறது; தனிநபர் விபத்துக் காப்பையும் ஓராண்டுக்கு மட்டும் எடுத்திருப்போர் பலர். ஓராண்டு முடிந்ததும் இவ்விரண்டும் ஓசையின்றிக் காலாவதியாகின்றன. சாலையில் காவலர் சோதித்தாலும் மூன்றாம் தரப்புக் காப்பு நடப்பில் இருப்பதால் அபராதம் விழாது. காப்பீட்டுத் தாளிலும் ஐந்தாண்டு என்ற எழுத்து கண்ணில் படுகிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்ற எண்ணமே நிலைத்துவிடுகிறது.

இதன் விளைவை எண்களில் காண்போம். நமது எடுத்துக்காட்டில் 12 விழுக்காடு வட்டியில் 36 மாதக் கடன் பெற்றவரின் வண்டி, 18 தவணைகள் செலுத்திய நிலையில் திருட்டுப் போகிறது. அன்றைய கடன் நிலுவை ஏறத்தாழ ரூ.54,500. சொந்தச் சேதக் காப்பு நடப்பில் இருந்தால், ஓராண்டைக் கடந்த வண்டிக்கு ஷோரூம் விலையில் 20 விழுக்காடு தேய்மானம் கழித்து ரூ.80,000 காப்பீட்டு மதிப்பாகும். சிறு கழிவு போக அத்தொகை கிடைத்ததும் வங்கியின் நிலுவை தீரும், ஏறத்தாழ ரூ.25,000 உரிமையாளர் கையில் மிஞ்சும். அடுத்த வண்டிக்கு முன்பணம் அதுவே.

காப்பு காலாவதியாகியிருந்தால்? வண்டியும் இல்லை; இழப்பீடும் இல்லை. எஞ்சிய 18 தவணைகள், மொத்தம் ரூ.59,780 அளவுக்கு, மாதந்தோறும் செலுத்தியே தீர வேண்டும். வேலைக்குச் செல்ல வண்டியே ஆதாரமாக இருப்பவருக்கு இது இரட்டை அடி. இதைத் தவிர்க்க இரண்டாம் ஆண்டில் செலுத்த வேண்டிய சொந்தச் சேதக் கட்டணம், இத்தகைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரு மாதத் தவணையைவிடக் குறைவாகவே இருக்கும். 2019 செப்டம்பர் முதல் இக்காப்பைத் தனித்தும் வாங்க முடியும். மூன்றாம் தரப்புக் காப்பு வழங்கிய அதே நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

கடன் மதிப்பை மிஞ்சும்போது

காப்பீட்டு மதிப்பு ஆண்டுதோறும் குறையும் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு எனத் தேய்மானம் கழிக்கப்படும். முன்பணமே இன்றி ரூ.1,20,000 முழுவதையும் 48 மாதக் கடனாகப் பெற்றவருக்கு, ஓராண்டுத் தவணைகளைக் கட்டி முடித்த நிலையிலும் ரூ.95,000க்கு மேல் நிலுவை இருக்கும். வண்டியின் காப்பீட்டு மதிப்போ ரூ.80,000. வண்டி முற்றிலும் இழக்கப்பட்டால், காப்பு இருந்தும் ரூ.15,000 கையிலிருந்து செலுத்த நேரும். எனவே இயன்ற அளவு முன்பணம் செலுத்துவதும், தவணைக் காலத்தைச் சுருக்குவதும் வட்டியை மிச்சப்படுத்துவதோடு காப்பீட்டிலும் நமக்குத் துணைநிற்கின்றன. பெருங்கடன் பெற்றே ஆக வேண்டுமெனில், முழு இழப்பின்போது வாங்கிய விலையையே ஈடாக வழங்கும் கூடுதல் காப்பு, "ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" எனப்படுவது, ஆராயத்தக்கது.

மற்றொரு கூடுதல் காப்பு "ஜீரோ டெப்ரிசியேஷன்". சாதாரணக் காப்பில் பழுதுபார்க்கும்போது பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் பாதியை உரிமையாளரே ஏற்க வேண்டும். இன்றைய வண்டிகளில் பிளாஸ்டிக் பாகங்கள் மிகுதி. ஆதலால் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு இக்காப்பு பயன் தரும். மழைநீர் தேங்கும் பகுதியில் வசிப்போர் என்ஜின் பாதுகாப்பைச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் ஒருசேர வாங்க வேண்டிய தேவை இல்லை.

இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குப் பரிசாகச் சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 விழுக்காட்டில் தொடங்கி, படிப்படியாக 50 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. அது வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. வண்டியை மாற்றினாலும் உடன் வரும். ஆனால் காப்பு காலாவதியாகி 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் தள்ளுபடி பறிபோகும். ஆகவே சில நூறு ரூபாய்ச் சேதத்திற்கு இழப்பீடு கோருமுன், அதனால் இழக்கும் தள்ளுபடி எவ்வளவு என்று கணக்கிடுவது நலம்.

உணவு அல்லது பொருள் விநியோகப் பணிக்கு வண்டியைப் பயன்படுத்துவோர் அதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவித்து, ஏற்ற காப்பைப் பெற வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கென எடுத்த காப்பு வாடகைப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்று கோரிக்கை மறுக்கப்படலாம்.

இழப்பு நேர்ந்தால்

வண்டி திருட்டுப் போனால் உடனே காவல் நிலையத்தில் புகார் அளித்து முதல் தகவல் அறிக்கையைப் பெறுவதோடு, காப்பீட்டு நிறுவனத்திற்கும் வங்கிக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வண்டியின் இரண்டு சாவிகளும் கேட்கப்படும். மாற்றுச் சாவியைப் பத்திரமாக வைத்திருத்தல் அவசியம். வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்னும் காவல்துறை அறிக்கை வந்த பிறகே இழப்பீடு முடிவாகும் என்பதால் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை தவணையை நிறுத்தலாகாது. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். கடன் மதிப்பெண் சரிந்து, பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது தடையாக நிற்கும்.

கடன் முடிந்த பின்

கடைசித் தவணை செலுத்தியதும் பணி முடிந்துவிடுவதில்லை. பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கும். வங்கியிடம் தடையில்லாச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35உம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்து அப்பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்திலும் வங்கியின் பெயரை நீக்கக் கோரலாம். இவற்றைச் செய்யாவிட்டால் வண்டியை விற்கும்போது அலைச்சல் மிஞ்சும்.

அதன்பின் சொந்தச் சேதக் காப்பைத் தொடர்வதா என்பது உரிமையாளரின் முடிவு. இன்றே வண்டி பறிபோனால் சேமிப்பிலிருந்து இன்னொன்று வாங்க இயலுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும். இயலாதெனில் தொடர்வதே அறிவுடைமை. தனிநபர் விபத்துக் காப்பை மட்டும் எக்காரணத்தாலும் விடலாகாது.

இப்போது தவணை செலுத்திக்கொண்டிருக்கும் வாசகர்கள் தமது காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, மூன்று காப்புகளுக்கும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ள இறுதி நாள்களைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அவற்றுள் எதுவும் கடனின் கடைசித் தவணைக்கு முன்பே முடிவதாக இருந்தால், அந்நாளைத் தவணைத் தேதிக்கு அருகிலேயே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஏற்கெனவே முடிந்திருந்தால், அடுத்த முறை வண்டியை எடுக்குமுன் புதுப்பித்துவிடுங்கள்.