ஓடும் ரயில் படத்தில் ஏன் கலங்குகிறது?

மாணவர்களே, தாம்பரம் நிலையத்தில் நிற்கும் மின்சார ரயிலைப் படம் எடுத்தால், பெட்டியின் மேல் எழுதியுள்ள எண்களைக்கூடத் தெளிவாகப் படிக்கலாம். குரோம்பேட்டையை நிற்காமல் கடக்கும் விரைவு ரயிலை எடுத்தால், பல சமயம் எழுத்துகள் கரைந்து வெறும் வண்ணப்பட்டைதான் மிஞ்சுகிறது. கேமரா ஒன்றுதான், எடுத்தவரும் ஒருவர்தான். பின் ஏன் இந்த வேறுபாடு?

ஒரு கணத்தில் படம் எடுத்ததாக நாம் சொல்கிறோம். உண்மையில் எந்தக் கேமராவும் அப்படி எடுப்பதில்லை. அது சிறிது நேரம் ஒளியைச் சேர்த்து வைக்கிறது. அந்த நேரத்தைத்தான் 'ஷட்டர் வேகம்' என்கிறோம். பெயரில்தான் வேகம், அளப்பது காலத்தை.

ஒரு கணக்கு

ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். விநாடிக்கு 20 மீட்டர். ஷட்டர் 1/125 விநாடி திறந்திருந்தால், அதற்குள் ரயில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஓர் எழுத்து இருந்த இடத்தில் அடுத்த எழுத்து வந்து பதியும். பிறகு எப்படிப் படிப்பது? 1/1000 விநாடி என்றால் நகர்வு 2 சென்டிமீட்டர் மட்டுமே. எழுத்து ஓரளவு தெளிவாகிவிடும்.

அப்படியானால் எப்போதும் 1/1000 என்றே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நேரம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால், கேமராவுக்குள் வரும் ஒளியும் எட்டில் ஒரு பங்காகிவிடும். படம் இருண்டுபோகும்.

மழையும் பாத்திரமும்

மொட்டைமாடியில் மழைநீர் பிடிப்பதை எண்ணிப் பாருங்கள். பாத்திரத்தைக் குறைந்த நேரமே வைக்க முடியும் என்றால் என்ன செய்வோம்? வாய் அகன்ற பாத்திரமாக வைப்போம். கேமராவில் இந்த வாய்தான் வில்லையின் துவாரம். இதை எஃப் எண்ணால் குறிப்பார்கள். எண் சிறிதானால் துவாரம் பெரிது. நல்ல நண்பகல் வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 என்ற அளவில், எஃப் 16, 1/125 விநாடி ஏறத்தாழச் சரியாக இருக்கும். 1/1000 விநாடி வேண்டுமானால் 16, 11, 8, 5.6 என மூன்று படி திறக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒளி இரு மடங்காகும். மூன்று படியில் எட்டு மடங்கு. ஆனால் துவாரம் பெரிதாகும்போது, தெளிவாகத் தெரியும் தொலைவின் எல்லை சுருங்கிவிடும். ரயில் தெளிவாக இருக்கும்; பின்னாலுள்ள மரங்கள் மங்கும்.

பெரும்பாலான செல்பேசிகளில் துவாரத்தை மாற்ற முடியாது. அங்கே ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-லிருந்து 800 ஆக்குவோம். படம் வெளிச்சமாகும். ஆனால் புதிதாக ஒரு துளி ஒளியும் உள்ளே வரவில்லை; வந்ததைப் பெருக்கிக் காட்டுகிறோம், அவ்வளவே!

இதில் என்ன குறை? மழை தொடங்கும்போது மாடித் தரையைப் பாருங்கள். ஒரு ஓட்டில் மூன்று துளி, பக்கத்து ஓட்டில் ஏழு துளி. நேரம் ஆக ஆகத்தான் தரை ஒரே சீராக நனையும். ஒளியும் துகள் துகளாகவே வருகிறது. ஒரு படப்புள்ளியில் சராசரி 10,000 துகள்கள் பதிந்தால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவில், அதாவது 1 சதவீதம், இருக்கும். 1,250 துகள்களே பதிந்தால் ஏற்ற இறக்கம் 35. கிட்டத்தட்ட 3 சதவீதம். இதுவே படத்தில் மணல் தூவினாற்போலத் தெரிகிறது.

1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்பவர் சென்னை மாகாண அரசுக்காக மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் எடுத்தார். அந்நாளின் காகித நெகட்டிவ் மிக மெதுவாகவே ஒளியை ஏற்றது. கேமராவை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அசையாத கோபுரம் அதற்குப் பொருத்தமானது. ஓடுகிற ரயிலை அந்த முறையில் பிடித்திருக்க முடியாது.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்காகத் தண்டவாளத்தின் அருகே போகவே கூடாது. வீட்டு மின்விசிறியே போதும். விசிறியை நிறுத்தி, பெரியவர்கள் உதவியுடன் ஓர் இறக்கையின் நுனியில், அதன் நிறத்துக்கு மாறான ஒரு சிறு காகிதத் துண்டை இறுக ஒட்டுங்கள். பின் விசிறியை ஓடவிட்டு, பகல் வெளிச்சத்தில், நேர் கீழிருந்து 1/60 விநாடியில் படம் எடுங்கள். காகிதம் ஒரு வில்லாகப் பதியும். அதன் கோணத்தை அளவிடுங்கள். 30 பாகை என்றால், 1/60 விநாடியில் பன்னிரண்டில் ஒரு சுற்று. ஆக நிமிடத்துக்கு 300 சுற்றுகள். செல்பேசி படத்தை வரிசை வரிசையாகப் பதிப்பதால் இறக்கை சற்று வளைந்து தெரியலாம். ஆகவே விடை ஏறத்தாழவே இருக்கும்.

ரெகுலேட்டரை 1-லிருந்து 5 வரை திருப்பி, ஒவ்வொன்றுக்கும் வேகத்தைக் கண்டு அட்டவணை எழுதுங்கள். எண் இரு மடங்கானால் வேகமும் இரு மடங்காகிறதா? விடையை உங்கள் படங்களே சொல்லும்.