உங்களுக்குத் தெரியுமா? ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்க 1,500 டாலர்!

ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் வெளிநாட்டவர் மலைக் கொரில்லாவைப் பார்க்க அனுமதிச் சீட்டு 1,500 டாலர். பார்க்கக் கிடைப்பது ஒரே மணி நேரம். ஒரு கொரில்லாக் கூட்டத்துக்கு நாளொன்றுக்கு எட்டுப் பேர்தான். 2017 மே மாதம் வரை 750 டாலராக இருந்ததை ஒரே அடியில் இரட்டிப்பாக்கினார்கள். கூடவே, சுற்றுலா வருவாயில் பக்கத்து ஊர்களின் பங்கும் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானது.

எல்லை தாண்டினால் உகாண்டா. அதே விலங்கு, அதே ஒரு மணி நேரம், 800 டாலர். அங்கே பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் ஊர்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. ஆகா, தாராளம்தான்! ஆனால் நுழைவுக் கட்டணம் வேறு, கொரில்லாச் சீட்டு வேறு. பெரும்பணம் சீட்டில்தான் இருக்கிறது. அதிலிருந்து ஊருக்கென்று ஒதுக்குவது சீட்டுக்கு 10 டாலர். எத்தனை சதவீதம் என்பதைவிட, எதில் சதவீதம் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

இதே ருவாண்டாதான் 1960களின் இறுதியில், பூச்சிமருந்துக்கான பைரித்ரம் பூ பயிரிடப் பூங்காவில் சுமார் 10,000 ஹெக்டேரை வெட்டிக் கொடுத்தது. இன்று பூங்காவின் கற்சுவரை ஒட்டி உருளைக்கிழங்கு வயல்கள். சுவர் தாண்டும் காட்டெருமை மிதித்துப் போட்டால் நஷ்டம் ஒரு குடும்பத்துக்கு. பங்குப் பணமோ பள்ளிக்கூடமாக, குடிநீர்த் தொட்டியாக ஊருக்கே வருகிறது. அதனால் பயிர்ச் சேதத்துக்கென்று தனி இழப்பீட்டு நிதியும் வைத்திருக்கிறார்கள்.